மூலைச் சுவர் சிவந்த வெள்ளிக்கிழமை

இத்தாலியின் தெற்கே, ஒரு துறைமுக நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் நான் வேலை செய்யும் வீட்டைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர் எல்லாரும் முதலில் வாசல் நிலையைத்தான் படம் எடுப்பார்கள். கல்லைக் கயிறுபோல முறுக்கிச் செதுக்கி, அந்தக் கயிற்றாலேயே வாசலைச் சுற்றிக் கட்டியதுமாதிரி ஒரு வேலைப்பாடு. படம் எடுக்கட்டும், எனக்கொன்றும் இல்லை. ஆனால் எடுக்கிற அவசரத்தில் வாசற்படியில் ஐஸ்கிரீமை ஒழுகவிட்டுப் போவார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்நூறு வருடத்துக் கல் அது. பொத்தல் பொத்தலாக, மஞ்சள் கலந்த மண் நிறத்தில் இருக்கும். எதை ஊற்றினாலும் குடித்துவிடும். பிறகு முழங்காலில் இருந்து தேய்ப்பது நான்தான்.

பதினொரு வருடமாகத் தேய்க்கிறேன். நானும் என் மனுசனும் கீழே, முற்றத்தை ஒட்டிய அறையில் இருக்கிறோம். அவருக்கு நகரத்தின் மற்றப் பக்கம், சீசாவில், அடுக்குமாடிகளில் படி கழுவுகிற வேலை. விடிய முதல் பஸ்ஸில் போய்விடுவார். மேலே சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா. வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, கல்யாணம் கட்டவில்லை, அந்த வீட்டிலேயே பிறந்தவர். நானும் சிஞ்ஞோராவும் இத்தாலியனில்தான் கதைப்போம். ஆனால் அவரும் மற்றவர்களும் சொன்னவை எல்லாம் எனக்குள் என் தமிழாகத்தான் கிடக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

வீட்டின் கதையை எனக்குச் சொன்னவர் அவர்தான், அதுவும் நான் தூசி தட்டும்போது, நாற்காலியில் இருந்து கைத்தடியால் இடம் காட்டிக் காட்டி. பதினைந்தாம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் துறைமுகத்துப் பெரிய அதிகாரி ஒருவர் கட்டிய வீடு. அந்த மனிதருக்குச் சனத்தைக் கண்டால் பயமும் இருந்திருக்கிறது, சனத்துக்குப் பகட்டுக் காட்டுகிற ஆசையும் இருந்திருக்கிறது. அதனால் தெருப்பக்கம் கீழே யன்னலே இல்லை, கை நுழையாத வெடிப்புகள்போல நாலைந்து துவாரம் மட்டும். மேலே மூலையில் ஒரு கோபுரம், அதன் தலையில் பல்லுப்பல்லாகக் கல். ஆனால் முதல்மாடியை நிமிர்ந்து பார்த்தால், மூன்று மூன்றாகப் பிரித்த யன்னல்கள். பிரிக்கிற தூண்கள் என் மணிக்கட்டளவு மெல்லியவை. அந்தக் காலத்தில் எதைக் கொண்டு கடைந்தார்களோ, ஒன்றுகூட வளையவில்லை.

"கீழை வீரம், மேலை வடிவு. எல்லா ஆம்பிளையளும் உப்பிடித்தான்" என்பார் சிஞ்ஞோரா.

அதிகாரிக்குப் பிள்ளை இல்லை. அவர் போனபிறகு மனைவி வீட்டைக் கன்னியாஸ்திரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்கள் வந்து செய்த முதல் வேலை, யன்னல்களைப் பாதிவரைக்கும் கல் வைத்து அடைத்தது. மீதிப் பாதிக்குக் கம்பி. கல் அடைத்த தடம் இன்னும் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் மட்டும் நிறம் வேறாகத் தெரியும். அவர்களும் போய், வீடு நெடுங்காலம் எலுமிச்சம்பழப் பெட்டி அடுக்குகிற கிடங்காகக் கிடந்து, பாதி இடிந்த நிலையில் சிஞ்ஞோராவின் பாட்டனார் வாங்கியிருக்கிறார். பெரிய மண்டபத்தின் மரக்கூரையில் பெட்டித் தூசியை எடுத்தபோதுதான் படங்கள் தெரிந்தனவாம். வளைமரம் ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னதாக வரைந்திருக்கிறது: சீப்போடு ஒரு பெண், பாய் விரித்த கப்பல், காதை நீட்டிக்கொண்டு ஒரு முயல். அந்தக் கூரையில் தூசி தட்டக் கூடாது என்பது அரசாங்கச் சட்டம். பதினொரு வருடமாக அந்த முயலின் மூக்கில் தொங்குகிற ஒட்டடையைப் பார்த்துக்கொண்டு எப்படி இருக்கிறேன் என்று எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

பிறகு யுத்தம். முற்றத்தின் ஒரு மூலையைக் குண்டு கொண்டுபோய்விட்டது. சிஞ்ஞோரா அப்போது மூன்று நாலு வயதுப் பிள்ளை. தாயின் சட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருந்ததும், வெளியே வந்தபோது மூலை இருந்த இடத்தில் வானம் தெரிந்ததும் ஞாபகம் என்று சொன்னார். அதை அவர் சொன்ன அன்று நான் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஊரில் ஷெல் விழுந்து எங்கள் வீட்டுக் குசினிக்கு மேலே வானம் தெரிந்த கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் எனக்கு முதலாளி மட்டுமில்லை. இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, அந்த மனுசியில் எனக்கு உயிர்.

இனிப் படிக்கட்டு. மேல்மாடிக்குப் போக வீட்டுக்குள் வழியே கிடையாது. முற்றத்திலிருந்து, சுவரை ஒட்டியபடி, திறந்த வெளியில் ஏறிப் போகிறது கல் படி. முப்பத்திரண்டு படி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்மதில், அவ்வளவுதான் பிடிமானம். ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து கிண்ணமாகிவிட்டது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். படம் எடுக்கிறவர்களுக்கு அது வடிவு. போன குளிர்காலம் சிஞ்ஞோரா அதில் ஏழாவது படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் மேலே விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை.

அவருடைய தம்பி மகன் மிலானில் இருந்து வந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், பயந்தவர். "நெருப்பு, நோய் எண்டு ஒண்டு வந்தால் மாமியை எப்பிடி இறக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: முற்றத்தில் சின்ன லிப்ட் ஒன்று வைக்க அரசாங்கம் அனுமதித்தால் சிஞ்ஞோரா வீட்டில் இருக்கலாம். அனுமதி கிடைக்காவிட்டால் குளிர்காலம் தொடங்க முதல் நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். அங்கே இடமும் பார்த்து வைத்துவிட்டார்.

"நான் பிறந்த அறை மேலை கிடக்குது. கதவிலை நம்பர் அடிச்ச அறையிலை நான் சாகமாட்டன்" என்று சிஞ்ஞோரா என்னிடம் சொன்னார். தம்பி மகனிடம் சொல்லவில்லை, அவரோடு வாதாடுகிற பலம் போய்விட்டது.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு ஆணி அடிப்பதற்கே மூன்று கையெழுத்து வேண்டும். லிப்டுக்கு ஏற்ற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, குண்டு விழுந்த அந்த மூலை. மற்றப் பக்கங்களில் ஒன்றில் படிக்கட்டு, ஒன்றில் மெல்லிய தூண்கள் வைத்த மாடம், ஒன்றில் வாசல். மூலை மட்டும் யுத்தத்துக்குப் பிறகு கிடைத்த செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டியது. அதில் வரலாறு எதுவும் இல்லை, அதனால் மறைத்தாலும் பரவாயில்லை என்பதுதான் எங்கள் பக்கத்து நியாயம். அங்கே ஓடிய பழைய குழாயைக் கழற்றி, மேசன் வந்து வெள்ளையாகப் பூசிவிட்டுப் போனார். சாந்து கலந்த வாளியைக்கூட எடுக்காமல் ஈரச் சாக்கால் மூடி வைத்துவிட்டுத்தான் போனார், சோம்பேறி. அடுத்த வெள்ளிக்கிழமை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து பரிசோதகர் வருவதாகக் கடிதம் வந்தது.

வெள்ளிக்கிழமை. எனக்கு அதைக் கேட்டதுமே மனம் நிறைந்துவிட்டது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் விடிய முற்றம் கூட்டி மஞ்சள் தண்ணீர் தெளிப்பேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. நான் இருக்கிற இடம், நான் தெளிக்கிறேன். கல்லும் மஞ்சள், தண்ணீரும் மஞ்சள், ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. மாவிலைக்கு எங்கே போவது, தொட்டியில் நிற்கும் எலுமிச்சையில் ஒரு கொப்பை ஒடித்துக்கொள்வேன். அன்று வழமையான ஒரு கரண்டி மஞ்சளுக்கு மூன்று கரண்டி போட்டேன். இருட்டு முற்றாக விலகவில்லை. வாசலுக்கும் முற்றத்துக்கும் தெளித்துவிட்டு, மிச்சத்தை எல்லாம் அந்த மூலைக்குக் கொண்டுபோனேன். 'பிள்ளையாரப்பா, லிப்ட் இந்த இடத்தில் வரவேணும்' என்று சொல்லிச் சொல்லிச் சுவரில் என் உயரத்துக்கு அள்ளித் தெளித்தேன். பிறகு சிஞ்ஞோராவைக் குளிக்க வார்க்க மேலே ஓடிவிட்டேன்.

பத்துமணிக்குப் பரிசோதகர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, காலில் ஓட்டச் சப்பாத்து, கையில் சின்ன டோர்ச். தம்பி மகனும் மிலானில் இருந்து வந்து நின்றார். நான் கோப்பித் தட்டோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில், பரிசோதகர் சத்தம் போட்டது கேட்டது.

"சிவப்பு! இஞ்சை பாருங்கோ, சிவப்பு!"

பார்த்தேன். வெள்ளைச் சுவரில் என் தலையளவு உயரம்வரை திட்டுத் திட்டாக, சொட்டுச் சொட்டாக, காய்ந்த குங்குமம்போல ஒரு நிறம்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாத தமிழச்சி உலகத்தில் உண்டா? எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பிள்ளைத்தாச்சிக்கு ஆராத்தி கரைத்த கை இது! ஆனால் எனக்குச் சுண்ணாம்பு என்றால் வெற்றிலைத் தட்டில் சின்ன டப்பாவில் இருக்கிற சாமான். மேசன் வாளியில் குழைத்ததும் அதே சுண்ணாம்புதான் என்று என் மரமண்டைக்கு அந்த நிமிடம்வரை எட்டவில்லை.

பரிசோதகர் டோர்ச்சை அடித்து அடித்துப் பார்த்தார். அவருக்கு முகம் எல்லாம் மலர்ந்துவிட்டது. அடியில் பழைய வர்ணச் சுவர் இருக்கவேண்டும், புதுப்பூச்சின் ஈரம் அந்த வர்ணத்தை உறிஞ்சி வெளியே கொண்டுவந்திருக்கிறது, குண்டுக்குத் தப்பிய பகுதி இது, மண்டபத்துக் கூரையின் காலத்துப் படமாகவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"அப்ப லிப்ட்?" என்றார் தம்பி மகன்.

"இஞ்சை கை வைக்கேலாது. சுவரைத் திறந்து ஆராயவேணும். ஒரு வருசம் எடுக்கும், இரண்டும் எடுக்கலாம்."

தம்பி மகன் பெருமூச்சு விட்டார். "சரி. நான் இண்டைக்கே இல்லத்துக்குச் சொல்லிப்போடுறன், இடத்தைப் பிடிச்சு வைக்கச் சொல்லி."

நிமிர்ந்து பார்த்தேன். மேலே மாடத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு சிஞ்ஞோரா நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது. உள்ளே திரும்பினார்.

நான் கோப்பித் தட்டை அப்படியே படியில் வைத்துவிட்டு என் அறைக்குள் ஓடி, மனுசனுக்குப் போன் அடித்தேன். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"இஞ்சருங்கோ, நான் ஒரு விசர் வேலை பாத்துப்போட்டன்."

நடந்ததைச் சொன்னேன். அங்கே அவர் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வாயைத் திறக்காதையும்" என்றார். "ஐந்நூறு வருசத்து வீட்டைப் பழுதாக்கினதெண்டு எழுதிப்போட்டாங்கள் எண்டால்? எங்கடை வதிவிடப் பெர்மேசோ புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்குது, அடுத்த மாதம் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போகவேணும். வேலையும் போய், இருக்கிற அறையும் போய், பேந்து எங்கை போறது? சும்மா இரும். மழை பெஞ்சால் கழுவுப்படும்."

"அதுக்குள்ளை மனுசியைக் கொண்டுபோயிடுவாங்கள்."

"நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். பேந்து உம்மடை இஷ்டம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் மேலே போனேன். சிஞ்ஞோரா படுக்கையறையில் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை. என்னைக் கண்டதும் சாதாரணமாகச் சொன்னார்:

"பிள்ளை, அந்தச் சாம்பல் கோட்டை எடுத்துப் பெட்டியிலை வை. அங்கை குளிரா இருக்குமாம். மற்ற உடுப்பு ஒண்டும் வேண்டாம், அங்கை ஆருக்குக் காட்டப்போறன்?"

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கோட்டைக் கட்டிலில் எறிந்தேன். முப்பத்திரண்டு படியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அறைக்குள் போய் மஞ்சள் பேணியைத் தூக்கிக்கொண்டு நேரே பரிசோதகரிடம் போனேன். அவர் சுவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எழுதுறதை நிப்பாட்டுங்கோ. உது பழைய வர்ணம் இல்லை. உது நான்."

அவர் விளங்காமல் பார்த்தார். தம்பி மகனும் போனைக் காதிலிருந்து எடுத்தார். மேசனின் வாளியை மூடியிருந்த சாக்கை இழுத்தெறிந்தேன். அடியில் சாந்து இன்னும் ஈரமாக இருந்தது. கடவுள் அந்தச் சோம்பேறியை நல்லாக வைத்திருக்கட்டும். இரண்டு விரலால் மஞ்சளை அள்ளிப் போட்டு, எலுமிச்சைக் கொப்பால் கிண்டினேன். வெள்ளைச் சாந்து கண்ணுக்கு முன்னால் சிவந்துகொண்டு வந்தது.

பரிசோதகர் வாளியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தம்பி மகன்தான் முதலில் வாய் திறந்தார். "உனக்கென்ன பைத்தியமோ? ஆரைக் கேட்டு ஊத்தினாய்? இது ஆற்றை வீடெண்டு தெரியுமோ?" என் நாக்கு சும்மா இருக்குமா?

"தெரியும். பதினொரு வருசமா நான் கூட்டுற வீடு. ஒவ்வொரு வெள்ளியும் தெளிக்கிறனான். நல்லது நடக்கட்டும் எண்டுதான் தெளிச்சனான். பிழை எண்டால் என்னைக் கலைச்சுவிடுங்கோ, மாமியைக் கலைக்காதையுங்கோ!"

அந்த நேரம் மேலேயிருந்து குரல் வந்தது. சிஞ்ஞோரா மறுபடி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவள் தெளிக்கிறது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மேலையிருந்து பாக்கிறனான். இலையான் வந்து மொய்க்காமல் இருக்கத் தெளிக்கிறாள் எண்டு நினைச்சன்!"

பரிசோதகருக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காச் செய்து காட்டுங்கோ" என்று கேட்டு, போனில் படமும் எடுத்துக்கொண்டார். ஆனாலும் தன் வேலையை விடவில்லை. ஒரு சின்னத் தகட்டுக் கத்தியால் சிவந்த இடத்தில் மூன்றிடம் சுரண்டிப் பார்த்தார். பூச்சுக்கு அடியில் செங்கல். செங்கல்லுக்கு நடுவில் சீமெந்து. வேறொன்றும் இல்லை. எழுதிய தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்தார். போகும்போது என் தோளில் கை வைத்து, "முற்றத்துக்கு என்னவெண்டாலும் செய்யுங்கோ. சுவருக்கு வேண்டாம், உங்களைக் கும்பிட்டன்" என்றார். தம்பி மகன் என்னோடு அன்று முழுக்கக் கதைக்கவில்லை. மிலானுக்குப் போகும் அன்று காலையில் மட்டும், மேலே வந்து, ஒரு கோப்பி போட்டுத் தரும்படி கேட்டார். அதோடு சரி.

அனுமதி வந்தது. குளிர் தொடங்க முதல் இரும்பும் கண்ணாடியுமாக ஒல்லியான ஒரு கூடு மூலையில் எழும்பியது. ஒருவர் நிற்கலாம், மற்றவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கலாம்.

முதல் நாள் நானும் கூட வாறேன் என்று சொன்னேன். சிஞ்ஞோரா கேட்கவில்லை. "நீ கீழை போய் நில்" என்றார். அவர் அன்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, காதுக்குத் தோடும் போட்டிருந்தார். நான் அந்தச் சாம்பல் கோட்டையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து கீழே நின்றேன். எத்தனை மாதம் தெருவைக் காணாத மனுசி, நேரே வாசலுக்குத்தான் போகும், கடற்கரைப் பக்கம் ஒரு நடை கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்தேன்.

கண்ணாடிக் கூடு மெல்ல இறங்கி நின்றது. கதவைத் திறந்தேன். கோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. வாசல் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கைத்தடியை ஊன்றி ஊன்றி, முற்றத்துக்குக் குறுக்காக, என் அறைப் பக்கம் நடந்தார்.

எனக்கு மானம் போனமாதிரி ஆகிவிட்டது. அறை திறந்தபடி கிடந்தது. கொடியில் மனுசனின் உள்ளுடுப்பு, கட்டிலில் மடிக்காத துணி, சோற்றுப் பானை நிலத்தில்.

"ஐயோ சிஞ்ஞோரா, அங்கை போகாதையுங்கோ, எல்லாம் அலங்கோலமாக் கிடக்குது!"

அவர் அதற்குள் அறை வாசலுக்குப் போய்விட்டார். ஆனால் உள்ளே கால் வைக்கவில்லை. அவர் பிறந்த வீடு, அவருடைய பாட்டனார் வாங்கிய வீடு, அதன் ஒரு அறை வாசலில் கைத்தடியோடு நின்றுகொண்டு, நான் வரும்வரைக்கும் காத்திருந்தார்.

"பதினொரு வருசமா ஒவ்வொரு நாளும் நீ என்ரை வீட்டுக்கு வாறாய்" என்றார். "நடக்கக் கால் இருந்த காலத்திலும் நான் ஒருநாளும் உன்ரை வீட்டுக்கு வரேல்லை. உள்ளை வரலாமோ?"

இத்தாலியனில் ஒரு சொல்லும் என் வாயில் வரவில்லை. "வாங்கோ, வாங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, துணியை ஒதுக்கிவிட்டு, இருந்த ஒரே கதிரையை இழுத்துப் போட்டேன்.